சென்னை – கன்னியாகுமரி கடற்கரைச் சாலையில் மிதிவண்டிப் பயணம்: திசை, கூடாரம், டயர் குறித்துச் சில ஐயங்கள்

தனிச்சக்கரம்:

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்கி எனக்கு 12 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மிதிவண்டியை இரயிலில் ஏற்றிக் கன்னியாகுமரிக்குப் போய் இறங்கி, அங்கிருந்து கடற்கரையை ஒட்டியே திருச்செந்தூர், தூத்துக்குடி, இராமநாதபுரம், தொண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம், புதுச்சேரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வர வேண்டும் என்பது திட்டம். வரைபடத்தில் அளந்தால் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வருகிறது. இராமேசுவரம், தனுஷ்கோடி வரை போய்த் திரும்பினால் இன்னும் 150 கூடும். நாள்தோறும் வீடு நெருங்கி வருகிறது என்ற எண்ணமே களைப்பைக் குறைக்கும் என்று நினைத்துத்தான் தெற்கிலிருந்து வடக்காக வரத் தீர்மானித்தேன்.

இதுவரை நான் ஓட்டியவற்றில் நீண்டது, ஒரே நாளில் புதுச்சேரிக்குப் போய் மறுநாள் திரும்பி வந்ததுதான். அதுவும் முதுகில் ஒரு சிறு பையோடு. வண்டி அலுமினியச் சட்டம் கொண்ட ஹைபிரிட். 700-க்கு 32 அளவு டயர். முன்னால் மூன்று, பின்னால் எட்டுப் பல்சக்கரங்கள். கம்பி இழுத்து இயங்கும் டிஸ்க் பிரேக். பின்புறம் கேரியர் பொருத்துவதற்கான துளைகள் இருக்கின்றன. என் எடை 82 கிலோ.

இருவர் படுக்கக்கூடிய, இரண்டு அடுக்குக் கூடாரம் ஒன்றை வாங்கி, முடிந்த இரவுகளில் எல்லாம் கடற்கரையிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிடலாம் என்று ஆசைப்படுகிறேன். இந்தக் கரையில் அது நடக்கக்கூடியதா? இப்போதுள்ள டயர் போதுமா? எதை வாங்குவது, எதை விடுவது என்பதில்தான் குழப்பமாக இருக்கிறது. இந்த வழியில் சுமையோடு ஓட்டியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முந்நீர்:

உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவற்றில் பாதி தாமாகவே சரியாகிவிடும். கன்னியாகுமரியிலிருந்து புறப்படாமல், கன்னியாகுமரியில் போய் முடியுங்கள். வீட்டை நோக்கி ஓட்டுவதில் ஒரு தெம்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் நாள் முற்பகல் பதினோரு மணிக்கு எதிர்க்காற்றில் மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தொடவே மூச்சு வாங்கும்போது அந்தத் தெம்பு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

காரணம் இதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி முதல் மாசி வரை இந்தக் கரையில் வாடையும் கொண்டலும்தான் ஆட்சி செய்கின்றன. அதாவது காற்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறது. விடிகாலையில் அடங்கிக் கிடக்கும் காற்று, வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து வலுத்துக்கொண்டே போகும். சென்னையிலிருந்து தெற்கே ஓட்டினால் அது உங்கள் இடத் தோளுக்குப் பின்னாலிருந்து தள்ளும். கோடியக்கரையில் கரை மேற்கே மடங்குகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரை கொண்டல் நேரே முதுகில் வந்து விழும். அதன்பின் மல்லிப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி என்று சாலை தென்மேற்காக இறங்கும்போதும், இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகும்போதும், திருச்செந்தூருக்குத் தெற்கேயும் இதே கதைதான். மொத்தப் பாதையில் காற்று உங்களுக்கு எதிராக நிற்கும் பகுதி இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகும் 55 கிலோமீட்டர் மட்டுமே. திரும்பும்போது அதுவும் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆடி மாதத்தில் போவதாக இருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அதை நம்பித்தான். பக்கப் பைகள் தொங்கும் வண்டியை அந்தக் காற்று சாலையின் நடுவே தள்ளிவிடும்.

இனி வழி. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையிலான பகுதியை வார நாளில், விடிவதற்கு முன்பே கடந்துவிடுங்கள். சனி, ஞாயிறுகளில் அங்கே ஓட்டுவதில் எந்த இன்பமும் இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் சரளைக்கல்லும் புழுதியும் இருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். முதல் நாள் கடப்பாக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, மாலையில் உப்பங்கழி ஓரத்தில் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கலாம். 1760-இல் ஆங்கிலேயர் தகர்த்த கோட்டை அது. மறுநாள் மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரியைத் தாண்டுங்கள். கடலூர் – சிதம்பரம் சாலை எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடிக்காத பகுதி. தனியார் பேருந்துகள் ஒன்றை ஒன்று முந்தும் வேகத்தில் நம்மைச் சாலையை விட்டு இறக்கிவிடும். அதைக் காலை ஆறு முதல் எட்டுக்குள் முடித்துவிட்டால் பிழைத்தோம்.

சீர்காழி தாண்டியதும் பெருஞ்சாலையை விட்டு இடப்புறம் திரும்பித் திருவெண்காடு, பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடிக்குப் போங்கள். வாய்க்கால், வயல், ஓட்டு வீடு, மீண்டும் வாய்க்கால் என்று போகும் அந்தச் சாலைக்காக ஒரு அரை நாளைக் கூடுதலாக ஒதுக்கலாம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம் போகும் சாலையில் வண்டி நடமாட்டம் வெகுவாகக் குறைந்துவிடும்; அங்கிருந்துதான் உங்கள் பயணம் உண்மையில் தொடங்கும் என்பேன். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களையும், தண்ணீர் தேங்கிய சதுப்பு நிலத்தில் பூநாரைகளையும் பார்க்கப் பிப்ரவரி தொடக்கம் இன்னும் நல்ல காலமே. ஆனால் அது வனத்துறையின் காவலில் உள்ள பகுதி. அங்கே கூடாரம் அடிக்கும் எண்ணம் வேண்டாம். இரவு வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, விடியற்காலையில் சுமையை அறையிலேயே வைத்துவிட்டு வெறும் வண்டியோடு போய் வாருங்கள்.

மல்லிப்பட்டினத்தருகே சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தின் நிழல், மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் படுக்கத் தக்க இடம். தனுஷ்கோடியைப் பொறுத்தவரை, அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் மாலைக்குப் பிறகு அங்கே யாரையும் இருக்க விடுவதில்லை. ஆகவே இராமேசுவரத்தில் பையை இறக்கிவிட்டுக் காலையிலேயே போய் வருவது நல்லது. பாம்பன் சாலைப் பாலத்தில் கடலைப் பார்க்க நிற்கும் கார்களின் கதவு திடீரென்று திறக்கும்; காற்றைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

பழைய அட்லஸ்:

காற்றைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளாகச் சைக்கிள்களைக் கழற்றி மாட்டுவதே என் பொழுதுபோக்கு.

இந்தப் பாதையில் உங்கள் முதல் எதிரி சீமைக்கருவேல முள். தொண்டியில் தொடங்கித் தூத்துக்குடி வரை, குறிப்பாகச் சாயல்குடி, வேம்பார் பகுதியில், சாலையின் இரு மருங்கிலும் அதுவே காடாக நிற்கிறது. விறகுக்கும் கரிக்கும் வெட்டி ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து உதிரும் முட்கள் சாலையோரத்தில், அதாவது மிதிவண்டிக்காரர்கள் ஒதுங்கும் அதே ஒன்றரை அடியில், கிடக்கும். ஒருமுறை சாயல்குடிக்கும் வேம்பாருக்கும் இடையே ஒரே முற்பகலில் ஐந்து பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். ஐந்தாவதுக்கு ஒட்டும் பசையே தீர்ந்துவிட்டது. அதிலும் மூன்று பஞ்சர் ஒரே முள்ளால் வந்தவை. முதல் முறை டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் அவசரமாக மாட்டியதற்குக் கிடைத்த தண்டனை அது. நுனி மட்டும் உள்ளே முறிந்து நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஒரு சிறு குறடோ, நகக் குறடோ கட்டாயம் கையில் இருக்கட்டும்.

ஆகவே கூடாரத்தில் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியை டயருக்குக் கொடுங்கள். உங்கள் சட்டத்தில் இடம் இருந்தால் 38 அளவுக்கு, முள் தடுப்புப் பட்டை தடிமனாக உள்ள பயண டயராகப் போடுங்கள். ஷ்வால்பே மாரத்தான் போன்றவை கனமானவை, உருள்வதில் சற்று மந்தமானவை. ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளும் சமவெளியில் அந்த மந்தம் ஒரு பொருட்டே இல்லை. மூன்று டியூப் வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்க் கடைகளில் கிடைக்கும் 28 அங்குல டயர் உங்கள் சக்கரத்துக்குப் பொருந்தாது. நம் ஊர்ப் பழைய சைக்கிளின் விளிம்பு 635 மில்லிமீட்டர், உங்களுடையது 622. அளவு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிவதால் கடைக்காரரும் நாமும் சேர்ந்தே ஏமாறுவோம். அந்த டியூபை மட்டும் ஆபத்துக்கு மடித்து மாட்டி அடுத்த ஊர் வரை போய்ச் சேரலாம். உங்கள் டியூபின் வால்வு மெல்லிய வகையாக இருந்தால், பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் அதில் நுழையாது. விரல் நுனி அளவுள்ள பித்தளை இணைப்பு ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டால் இரு சக்கர மோட்டார் வண்டிகளுக்குக் காற்றடிக்கும் இடமெல்லாம் உங்களுக்கும் பயன்படும்.

அடுத்து பின்சக்கரம். 82 கிலோ ஆள், அவர் பின்னால் 15 கிலோ சுமை. தொழிற்சாலையில் இயந்திரம் கோத்த சக்கரம் இதைத் தாங்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே கைதேர்ந்தவரிடம் கொடுத்து ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரே சீராக முறுக்கி, பெண்டு எடுத்து, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தில் பல்சக்கரம் உள்ள பக்கத்துக் கம்பிதான் பெரும்பாலும் முறியும். அந்தப் பக்கத்து நீளத்தில் மூன்று கம்பிகளைச் சங்கிலிக்குக் கீழுள்ள சட்டக் குழாயில் நாடா சுற்றி ஒட்டி வையுங்கள்.

கேரியர் இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் முறிந்தால் அதை ஒட்டவைக்கச் சிற்றூரில் ஆள் கிடைப்பது அரிது. இரும்பு முறிந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒட்டித் தந்துவிடுவார்கள். கேரியரின் திருகாணிகளை நாள்தோறும் மாலையில் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். எட்டுப் பல்சக்கரம், கம்பி இழுக்கும் பிரேக் ஆகிய இரண்டும் உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. அவற்றை மாற்றச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சைக் கேட்காதீர்கள். உப்பளக் காற்று சங்கிலியை இரண்டே இரவில் துருவேற்றிவிடும் என்பதால், நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் வண்டியை மெல்லக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, மேலே உள்ள எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் மணல் வந்து அப்பிக்கொள்ளும்.

தனிச்சக்கரம்:

முந்நீர் ஐயாவுக்கும் அட்லஸ் ஐயாவுக்கும் நன்றி. திசையை மாற்றிவிட்டேன், டயரையும் மாற்றிவிடுகிறேன். என் சட்டத்தில் 38 நுழைகிறது. கூடாரத்தைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே ஒரு பதிலோ என்று தோன்றுகிறது. கடையில் பார்த்து வைத்திருப்பது மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதல்.

நெய்தல்வாசி:

சகோதரரே, நான் நாகை மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரி. இருமுறை தோழிகளோடும் ஒருமுறை தனியாகவும் இந்தச் சாலையின் பெரும்பகுதியை ஓட்டியிருக்கிறேன். கடற்கரையில் கூடாரம் அடிப்பது பற்றி எங்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து பார்க்கும்போது ஆளில்லாத மணலாகத் தெரிவது எங்களுக்கு ஆளில்லாத இடம் அன்று. படகு இழுக்கும் இடம், வலை காய்கிற இடம், கருவாடு பரப்பும் இடம், இயற்கைக் கடனுக்கு ஒதுங்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. அதிகாலை மூன்று மணிக்குப் படகு இறக்க வருபவர்கள் உங்கள் கூடாரத்தின் மேல் இடறி விழுவார்கள். கேட்காமல் தங்கினால், நள்ளிரவில் ஊர்க்காரர்களோ கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர்களோ எழுப்பிக் கேள்வி கேட்பது உறுதி. அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. மாலை நான்கரைக்கு ஊருக்குள் போய், ஊர்ப் பஞ்சாயத்தாரையோ, கோயில் நிருவாகியையோ, பங்குத்தந்தையையோ, பள்ளிவாசல் பொறுப்பாளரையோ பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, இன்று ஓரிரவு தங்க இடம் வேண்டும் என்று கேளுங்கள். இருட்டிய பிறகு கேட்பதற்கும் வெளிச்சத்தில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. எனக்கு ஒருமுறைகூட இல்லை என்ற பதில் வந்ததில்லை. பெரும்பாலும் மீன் விற்கும் ஆயா யாராவது வந்து, “மண்ணுல ஏன் படுக்குறே, நம்ம வீட்டுத் திண்ணையில வந்து படு தாயி” என்று அழைத்துப் போய்விடுவார்.

இன்னொன்று, நீங்கள் போகும் காலம் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். தை முதல் பங்குனி வரை இரவில் அவை வரும். கரையில் ஆளும் வெளிச்சமும் இருந்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்க வனத்துறையினரும் தன்னார்வலர்களும் அந்த இரவுகளில் மணலில் நடந்துகொண்டிருப்பார்கள். மணலில் கூடாரமும் தலைவிளக்கும் வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால் அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

ஆகக் கூடாரத்தின் பயன் என்னவென்றால், கொசுவலை. மண்டபத்திலும், பள்ளித் தாழ்வாரத்திலும், மொட்டை மாடியிலும் படுக்கும்போது கொசுதான் தொல்லை. உப்பங்கழி அருகே அது ஆளையே தூக்கிக்கொண்டு போகும். சிமெண்டுத் தரையில் முளை அடிக்க முடியாது. ஆகவே முளை இல்லாமல், தன் கம்பியிலேயே தானாக நிற்கும் ஒருவர் கூடாரமாக வாங்குங்கள். ஒன்றரைக் கிலோவுக்குள் கிடைக்கும். கூரையுள்ள இடத்தில் உள்வலையை மட்டும் நிறுத்தினால் போதும், காற்று நன்றாக வரும். மொட்டை மாடியில் பனி பெய்யும் என்பதால் வெளித்துணியையும் போட வேண்டும். உறங்குபை இந்தக் கரைக்கு வேண்டவே வேண்டாம்; ஒரு நாலு முழ வேட்டி போர்வையாகும், துண்டாகும், உடை மாற்றும்போது திரையுமாகும்.

அடுப்பையும் விட்டுவிடுங்கள். எரிவாயுக் குப்பியை இரயிலில் கொண்டுவரக் கூடாது. வழியில் சிற்றூர்களில் அது கிடைக்கவும் கிடைக்காது. காலை ஆறு மணிக்கு இட்லிக் கடை திறக்கும் நாட்டில், ஒரு கிலோ இரும்பைச் சுமந்துபோய் நூடுல்ஸ் வேகவைப்பதில் எனக்கு எந்த வீரமும் தெரியவில்லை. ஆனால் சாயல்குடிக்குத் தெற்கே கடைகளுக்கு இடைவெளி அதிகம். அங்கே மட்டும் நான்கு லிட்டர் தண்ணீரும், கடலை மிட்டாயும், உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் பையில் இருக்க வேண்டும்.

கல்லாறு:

நெய்தல்வாசி அம்மா சொன்னவற்றை ஏற்றுக்கொண்டே ஒரு சிறு மறுப்பைச் சொல்கிறேன். தினமும் யாரிடமாவது போய் இடம் கேட்பது எல்லாருக்கும் இயல்பாக வராது. என் போன்றவர்களுக்கு 90 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட அதுவே பெரிய களைப்பு. அடுத்தவர் திண்ணையில் படுத்தால் இரவு பதினோரு மணி வரை ஊர்க்கதை பேச வேண்டும். அது சிலருக்கு வரம், சிலருக்குத் தண்டனை. நான் இரண்டு இரவு இப்படி, மூன்றாம் இரவு விடுதி என்று கலந்து போனேன். விடுதி இரவில் துணி துவைத்து, கைப்பேசியையும் விளக்கையும் மின்னேற்றி, கால்களைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்தால், அடுத்த இரண்டு நாளுக்கும் சேர்த்து உடம்பு தயாராகிவிடும். சிதம்பரம், வேளாங்கண்ணி, இராமேசுவரம், திருச்செந்தூர் எல்லாம் யாத்திரை ஊர்கள் என்பதால் எளிய அறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் தைப்பூசம் எந்தத் தேதியில் வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் திருச்செந்தூரில் அறை கிடைக்காது. தூத்துக்குடியிலிருந்து போகும் சாலை முழுக்கப் பச்சை உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கும். அவர்களுக்கென்று போட்ட பந்தலில் உங்களுக்கும் ஒரு வாழை இலை விழும் என்பது வேறு.

தனிச்சக்கரம்:

எல்லார் பதிலையும் இரண்டு முறை படித்துவிட்டேன். கடையில் பார்த்து வைத்த கூடாரத்தைக் கைவிட்டு, ஒருவர் கூடாரம் ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். அடுப்பு, பாத்திரம், உறங்குபை மூன்றும் பட்டியலிலிருந்து போயின. வீட்டுக் குளியலறைத் தராசில் நிறுத்தால் மொத்தச் சுமை இப்போது 11 கிலோ வருகிறது. ஒரு நாளைக்குச் சராசரியாக 85 கிலோமீட்டர், இராமேசுவரத்தில் ஒரு நாள் ஓய்வு. தைப்பூசம் நான் புதுச்சேரியைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. இனி எஞ்சியிருப்பது ஒரே ஐயம்தான்: கன்னியாகுமரியில் முடித்த பிறகு வண்டியை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

முந்நீர்:

அதற்கும் உங்கள் புதிய திசை உதவும். உங்கள் பயணச்சீட்டைக் காட்டி, நீங்கள் ஏறும் அதே இரயிலின் சரக்குப் பெட்டியில் மிதிவண்டியைப் பதிவு செய்யலாம். இடைநிலையங்களில் இரயில் இரண்டு மூன்று நிமிடமே நிற்பதால் ஏற்றுவதும் இறக்குவதும் திண்டாட்டம். கன்னியாகுமரி வண்டிகள் தொடங்கும் நிலையம் என்பதால் அங்கே நிதானமாக ஏற்றலாம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பாவது பார்சல் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். மிதிகட்டைகளை (பெடல்களை) கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, பின்புறக் கியர் தொங்கும் பக்கத்தைப் பழைய அட்டையாலும் சாக்காலும் சுற்றிக் கட்டுங்கள். டிஸ்க் பிரேக்கின் தகட்டுக்குத் தனியாக ஓர் அட்டை வையுங்கள், ஏனென்றால் மேலே ஒரு மூட்டை விழுந்தால் முதலில் வளைவது அதுதான். பெயரும் சேருமிடமும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் கட்டுங்கள். விளக்கு, மணி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கும் கயிறும் கன்னியாகுமரியிலேயே கடைத்தெருவில் கிடைக்கும். அவற்றைச் சென்னையிலிருந்து சுமக்க வேண்டாம்.